ஒரே பெயர், மூன்று சாம்பல்

என் மேஜை மீது மூன்று பிளாஸ்டிக் துண்டுகள் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. மூன்றின் பின்புறத்திலும் ‘டார்க் சீ கிரே’ என்று பென்சிலால் நானே எழுதியிருக்கிறேன். திருப்பிப் பார்த்தால் ஒன்று மழையில் நனைந்த கருங்கல், இன்னொன்று எருமை முதுகில் காய்ந்த சேறு, மூன்றாவது நீலம் கொஞ்சம் கூடிப்போன சாம்பல். மூன்று நிறுவனங்களின் குப்பிகள். ஒரே நாளில், ஒரே தூரிகையால், ஒரே பிரைமர் (அடிப்பூச்சு) மேல் பூசியவை. பக்கத்தில் 1/72 அளவில் நான் செய்யும் ஒரு ஹாக்கர் ஹண்டர் மாடல் விமானம், எந்தச் சாம்பல் தன் மேல் ஏறப்போகிறது என்று தெரியாமல் ஒரு மாதமாகக் காத்திருந்தது.

ஹண்டர் 1957-ல் இந்திய விமானப் படைக்கு வரத் தொடங்கிய போர் விமானம். 1971 டிசம்பரில் லோங்கேவாலாவில் பாகிஸ்தான் டாங்கிகளைப் பொழுது விடிந்ததும் வந்து அடித்தவை ஜெய்சல்மேரிலிருந்து கிளம்பிய ஹண்டர்கள்தாம். மேற்புறத்துக்கு இரண்டு நிறங்கள்: டார்க் கிரீன், டார்க் சீ கிரே. பிரிட்டிஷ் விமானப் படை அந்தக் காலத்தில் பூசிய அதே ஜோடி. ஒருமுறை இதைத் தமிழாக்கி ‘கருங்கடல் சாம்பல்’ என்று நண்பருக்கு எழுதினேன். “ரஷ்ய விமானமா?” என்று கேட்டார். அன்றோடு மொழிபெயர்ப்பை விட்டுவிட்டேன்.

ஒரே நிறுவனத்தின் பெயிண்ட்டை வாங்கி விளக்கத் தாள் சொன்னபடி பூசினால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லையே என்று தோன்றலாம். மாடல் பெட்டிக்குள் இருக்கும் தாள் தனக்குப் பிடித்த நிறுவனத்தின் எண்ணைத்தான் சொல்லும். ஏர்பிக்ஸ் பெட்டி என்றால் ஹம்ப்ரால் எண், டமியா பெட்டி என்றால் டமியா எண், மற்ற ஜப்பானியப் பெட்டிகள் பலவற்றில் ஜி.எஸ்.ஐ. கிரியோஸின் ‘மிஸ்டர் கலர்’ எண். ஹம்ப்ரால் என்றால் எனாமல், மிஸ்டர் கலர் என்றால் லாக்கர். இரண்டின் கரைப்பானும் எளிதில் தீப்பற்றுவது. விமானத்தில் பார்சலாக அனுப்ப ஆயிரம் கட்டுப்பாடு. ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வரவும் கூடாது. நானோ ஆந்திர எல்லைக்குள் நகரியில் இருப்பவன். சென்னையில் ஏறி, அரக்கோணத்தில் மாறி, திருத்தணி தாண்டி, வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்ற பலகையை வாசித்து முடித்தால் எங்கள் ஊர் வந்துவிடும். இந்தப் பயணத்தில் சட்டத்துக்கு உட்பட்டு வருவது தண்ணீரில் கரையும் அக்ரிலிக் குப்பிகள் மட்டும். ஆகவே தாள் ஒரு மொழியில் பேசுகிறது, கையில் இருக்கும் குப்பி வேறு மொழியில் பேசுகிறது. தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டுக்குள் பேசும் ஊரில் இதற்கு யாரும் அசர மாட்டார்கள் என்றாலும், நிறத்தில் மொழிபெயர்ப்பு பேச்சைவிடக் கடினம்.

மொழிபெயர்க்க ஒரு பொது அகராதி வேண்டும் அல்லவா? அது இருக்கிறது, ஒன்றுக்கு மேலேயே இருக்கிறது. அமெரிக்க விமானங்களுக்கு ஃபெடரல் ஸ்டாண்டர்ட் 595 என்ற அரசு நிறப் பட்டியல். 1956-ல் வந்தது. 2017-ல் அரசு அதைக் கைவிட, எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு அதையே தன் பெயரில் ஏற்றுக்கொண்டது. இதன் ஐந்து இலக்க எண்ணை வாசிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. முதல் இலக்கம் பளபளப்பைச் சொல்லும்: 1 என்றால் பளபளப்பு, 2 என்றால் அரைப் பளபளப்பு, 3 என்றால் மேட், அதாவது பளபளப்பே இல்லாதது. இரண்டாவது இலக்கம் நிறக் குடும்பம்: 4 பச்சை, 5 நீலம், 6 சாம்பல். மீதி மூன்று இலக்கங்கள் கருமையிலிருந்து வெளிறல் நோக்கி ஏறத்தாழ ஏறிக்கொண்டே போகும். எஃப்-16 விமானத்தில் காணும் 36375 என்பது மேட்டான, வெளிர்ந்த சாம்பல். அதையே 16375 என்று எழுதினால் நிறம் அதேதான், பூச்சு மட்டும் பளபளக்கும்.

பிரிட்டனுக்கு பி.எஸ். 381சி என்ற நிற அட்டை. அங்கே டார்க் கிரீன் 641, டார்க் சீ கிரே 638, மீடியம் சீ கிரே 637. ஜெர்மானியருக்கு 1927-ல் தொடங்கிய ரால். நம் நாட்டுக்கும் ஒன்று உண்டு: ஐ.எஸ். 5. அதன் எண்களில் பல பிரிட்டிஷ் அட்டையிலிருந்து அப்படியே வந்தவை. சிக்னல் ரெட் இரண்டிலும் 537, கோல்டன் எல்லோ இரண்டிலும் 356. அரசு டெண்டர்களில் இரும்புக் கதவுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இந்த எண்களைத்தான் போடுவார்கள்.

குப்பி மீது இப்படி ஒரு தர எண் அச்சாகியிருந்தால் கொஞ்சம் நிம்மதி. மிஸ்டர் கலர் 331 பி.எஸ். 638-ஐக் குறிவைத்துச் செய்தது; 330 என்றால் 641; 308 என்றால் அமெரிக்க 36375. ஹம்ப்ராலில் டார்க் கிரீன் 163, டார்க் சீ கிரே 164. தர எண் இல்லாமல் பெயர் மட்டும் இருந்தால் அது நிறுவனம் வைத்த செல்லப் பெயர் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நம் பட்டுக் கடைகளில் ‘எம்.எஸ். நீலம்’ கேட்டுப் பாருங்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்திய புடவையால் பெயர் பெற்ற நிறம். அந்தப் பெயரில் நான்கு கடையில் நான்கு நீலம் எடுத்து விரிப்பார்கள். மயில் கழுத்தும் கிளிப்பச்சையும் அப்படியே. ‘ஸ்கை’ என்ற பிரிட்டிஷ் நிறத்தைப் பெயரை நம்பி வாங்கினால் வானத்தின் நீலம் கிடைக்காது; வாத்து முட்டை ஓட்டின் வெளிர்பச்சை கிடைக்கும்.

அடுத்து ஒப்பீட்டு அட்டவணை. இந்தக் கலையில் இறங்குகிறவர் எல்லாருமே முதலில் பிடித்துக்கொள்ளும் துடுப்பு அதுதான். இந்த நிறுவனத்தின் இந்த எண்ணுக்கு அந்த நிறுவனத்தில் அந்த எண் என்று வரிசை வரிசையாக இருக்கும். நானும் சில ஆண்டுகள் அதை நம்பினேன். அதில் ‘சமம்’ என்று போட்டிருக்கும் இடத்தில் எல்லாம் ‘இவர்களிடம் இருப்பதில் கிட்டத்தில் உள்ளது’ என்று மனதுக்குள் மாற்றி வாசிக்க வேண்டும். ஒரு நிறுவனத்திடம் மொத்தம் எட்டுச் சாம்பல்தான் இருக்கிறது என்றால், எந்தச் சாம்பலைக் கேட்டாலும் அந்த எட்டில் ஒன்றுதான் பதிலாக வரும். கிட்டம் என்றால் எவ்வளவு கிட்டம் என்று அட்டவணை சொல்வதில்லை.

அதைவிடப் பெரிய கண்ணி, அட்டவணைகளைச் சங்கிலியாகக் கோப்பது. தாளில் மிஸ்டர் கலர் எண். அதற்கு ஹம்ப்ரால் எண் ஒரு அட்டவணையில் கிடைக்கிறது. ஹம்ப்ராலுக்கு வயேஹோ என்ற வேறொரு நிறுவனத்தின் எண் இன்னொரு அட்டவணையில். இரண்டையும் கோத்துக் கடைக்குப் போகிறோம். நிறங்களின் இடைவெளியை அளக்க 1976-ல் வந்த சி.ஐ.இ. லாப் என்ற முறை உண்டு: வெளிச்சம், சிவப்பு–பச்சை, மஞ்சள்–நீலம் என்று மூன்று அச்சுகள், இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரமே நிற வேறுபாடு, அதற்கு டெல்டா இ என்று பெயர். ஏறத்தாழ இரண்டைத் தாண்டினால், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சாதாரணக் கண்ணுக்கே தெரியும். முதல் தாவலில் இரண்டு, அடுத்த தாவலில் அதே திசையில் இன்னும் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாவலும் பார்வைக்குப் பரவாயில்லை. கடைசியில் நிற்கிற இடம் புறப்பட்ட இடத்திலிருந்து நான்கு தள்ளி.

இதை எனக்குப் புரியவைத்தது எந்த மாடல் புத்தகமும் இல்லை. ஏகாம்பரகுப்பம் பக்கம் சாயப்பட்டறை வைத்திருந்த என் மாமா. பட்டறையில் ஒரு நோட்டு இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு நூல் முடிச்சு, பக்கத்தில் தேதி, சாய அளவு. அந்த நோட்டை வெயில் படாமல் தகரப் பெட்டியில் வைத்திருப்பார். அதே நிறத்தில் மறுபடி நூல் கேட்டு வந்தால், போன வாரம் சாயம் தோய்த்த நூல் கொடியிலேயே தொங்கினாலும் அதைப் பார்க்க மாட்டார். பெட்டியைத் திறந்து முதல் முடிச்சைத்தான் எடுப்பார். போன வாரத்து நூலோடு இந்த வாரத்து நூலை ஒப்பிட்டு, இந்த வாரத்தோடு அடுத்த வாரத்தை ஒப்பிட்டால், ஆறு மாதத்தில் அரக்கு மெரூனாகிவிடும், யாருக்கும் தெரியாது என்பார். மாடல் உலகில் அந்த முதல் முடிச்சு பி.எஸ். 638 அட்டைதான். அரை உள்ளங்கை அளவுள்ள அந்த அட்டையை வாங்கிய பிறகு அட்டவணைகளை நான் திறப்பது, எந்தக் குப்பியிலிருந்து கலக்கத் தொடங்கலாம் என்று பார்க்க மட்டும்.

அட்டை கையில் வந்தாலும் கண் ஏமாற்றும். என் மூன்று துண்டுகளில் இரண்டை இரவில், அறையின் எல்.இ.டி. விளக்கில் வைத்துப் பார்த்தபோது அண்ணன் தம்பிபோல் இருந்தன. காலையில் வாசலுக்குக் கொண்டுபோனால் ஒன்று பச்சைக்குச் சாய்கிறது, மற்றது ஊதாவுக்குச் சாய்கிறது. என் கண்ணில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஒரு பூச்சு தனக்கென்று நிறம் எதையும் வைத்துக்கொள்வதில்லை. தன் மேல் விழும் ஒளியில் எந்த அலைநீளத்தில் எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதே அதன் குணம். அந்தத் திரும்பிய ஒளியைக் கண்ணில் உள்ள மூன்று வகைக் கூம்பு செல்கள் மூன்று எண்ணாகச் சுருக்கிவிடுகின்றன. நூறு ரூபாயை ஒற்றை நோட்டாகவும் தரலாம், பத்துப் பத்தாகவும் தரலாம். கல்லாவில் கணக்கு ஒன்றுதான். அதுபோல இரண்டு பூச்சுகள் முற்றிலும் வேறு வழியில் ஒளியைத் திருப்பினாலும் மூன்று எண்ணும் ஒத்துப்போகலாம். அப்போது கண் ‘ஒரே நிறம்’ என்கிறது. விளக்கை மாற்றியதும் கணக்கு கலைகிறது. இதற்கு மெட்டமெரிசம் என்று பெயர்.

சாம்பல் நிறத்தில் இது ஏன் இவ்வளவு படுத்துகிறது என்றால், சாம்பலைச் செய்யப் பல வழிகள் உண்டு. டைட்டானியம் டையாக்சைடு வெள்ளையில் கார்பன் கறுப்பைக் கலந்தாலே சாம்பல் வரும். ஆனால் அந்தச் சாம்பல் லேசாக நீலம் பாரிக்கும். அதைச் சமன் செய்ய ஒருவர் மஞ்சள் இரும்பு ஆக்சைடு சேர்ப்பார். இன்னொருவர் கறுப்பைக் குறைத்து தாலோ நீலத்தையும் ஆரஞ்சையும் மோதவிட்டுச் சாம்பலாக்குவார். இரண்டும் அட்டைக்கு முன்னால் ஒரு விளக்கில் தேர்ச்சி பெறும். வெள்ளை எல்.இ.டி. விளக்கின் ஒளியில் நீலப் பகுதியில் ஒரு கூர்மையான உச்சி இருக்கிறது, பிறகு ஒரு பள்ளம், பிறகு மஞ்சள் பக்கம் ஒரு மேடு. பகல் வெளிச்சம் அப்படி மேடு பள்ளமாக இருப்பதில்லை. பள்ளத்துக்குள் ஒளிந்திருந்த வேறுபாடு வாசலில் வெளியே வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு நம் கண் சாம்பலுக்கு அருகில்தான் மிகக் கூர்மை. பளிச்சென்ற சிவப்பு கொஞ்சம் பிசகினால் மன்னிக்கும் கண், சாம்பலில் ஒரு சொட்டு பச்சையை மன்னிக்காது.

ஏற்றுமதி ஜவுளி ஆலைகளில் இதற்கென்றே ஒரு பெட்டி இருக்கும். உள்ளே டி65 என்ற 6500 கெல்வின் பகல் ஒளி விளக்கு, கடை விளக்கைப் போன்ற டி.எல்.84, பழைய குண்டு பல்பு மூன்றும். மூன்றிலும் பார்த்துத்தான் நூலுக்கு ஒப்புதல். மாமாவிடம் பெட்டி கிடையாது; வடக்கு பார்த்த வாசல் இருந்தது. வெயில் நேராக விழாத, நாள் முழுக்க அதிகம் மாறாத வெளிச்சம். காலை ஒன்பதுக்குப் பிறகு, மாலை நான்குக்கு முன்பு. அந்தி வெளிச்சத்தில் எந்த நூலுக்கும் அவர் தலையாட்டியதில்லை. நானும் அதே நேரத்தைத்தான் பிடித்துக்கொண்டேன். ஆனால் மாடல் நிற்கப்போகும் கண்ணாடி அலமாரியின் விளக்கிலும் ஒருமுறை பார்த்துவிடுவேன். வாசலில் ஒத்து, அலமாரியில் பிரிகிற கலவையால் பயன் இல்லை. கைப்பேசியில் படம் எடுத்து ஒப்பிடுவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வெள்ளை எது என்று தானே முடிவு செய்துகொள்ளும்.

இனி என் பிழைக்கு வருகிறேன். இதுதான் எனக்கு இரண்டு வாரம் தின்றது.

சிறு வயதில் பட்டறையில் திரிந்தவன் என்பதால் ஒன்று ரத்தத்தில் ஊறியிருந்தது: ஈர நூல் கருமையாகத் தெரியும், காய்ந்தால் வெளுக்கும். தொட்டியிலிருந்து எடுத்த நூல் சிட்டம் மாதிரியைவிட ஒரு பிடி கருமையாக இருந்தால்தான் காய்ந்த பிறகு சரியாக வரும். பீங்கான் கிண்ணத்தில் அக்ரிலிக்கைக் கலக்கும்போதும் என் கை தானாகவே அப்படிச் செய்தது. ஈரத்தில் அட்டையைவிடக் கொஞ்சம் கருமையாக நிறுத்தி, பெயிண்ட்டைக் காற்றோடு பீய்ச்சும் ஏர்பிரஷில் ஊற்றி, இடது சிறகு முழுக்க அடித்தேன். மறுநாள் காலை சிறகு கிட்டத்தட்டக் கறுப்பு.

நூலில் நடப்பதும் தண்ணீர் வகை அக்ரிலிக்கில் நடப்பதும் நேர் எதிர். காய்ந்த நூலில் இழைகளுக்கு நடுவே காற்று இருக்கிறது. இழைக்கும் காற்றுக்கும் ஒளி முறியும் அளவில் பெரிய வித்தியாசம். ஆகவே ஒளி மேலேயே சிதறித் திரும்புகிறது, நூல் வெளிறித் தெரிகிறது. தண்ணீர் புகுந்தால் அந்த வித்தியாசம் குறைகிறது. ஒளி உள்ளே ஆழமாகப் போகிறது, சாயம் அதை விழுங்குகிறது. அக்ரிலிக் குப்பிக்குள் கதை வேறு. அங்கே பசை நுண்ணிய துளிகளாகத் தண்ணீரில் மிதக்கிறது, பால் மாதிரி. அந்தப் பால் வெள்ளை நிறத்தை வெளிறச் செய்கிறது. தண்ணீர் ஆவியானதும் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கண்ணாடிபோல் தெளிந்துவிடுகின்றன. பால் போய்விட்டது, நிறம் கருக்கிறது. எனாமலிலும் லாக்கரிலும் இந்தப் பால் இல்லை. அவற்றில் மேட் வகை என்றால் காய்ந்ததும் மேற்பரப்பு சொரசொரப்பாகி கொஞ்சம் வெளுக்கும். அக்ரிலிக்கிலும் மேட் வகையில் அந்த வெளுப்பு வந்து, கருத்தலோடு மல்லுக்கட்டும். எது எவ்வளவு ஜெயிக்கும் என்று ஈரத்தில் யாராலும் சொல்ல முடியாது.

மாமா வந்து சிறகைப் பார்த்தார். விமானத்தில் அவருக்கு ஆர்வம் இல்லை. “இதைக் காய வைத்துப் பார்த்தாயா, மாப்பிள்ளை?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். “நான் என்றைக்காவது ஈர நூலை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேனா?” அதுவும் உண்மைதான். தொட்டியிலிருந்து ஒரு இழையைப் பிய்த்து, பிழிந்து, அடுப்போரம் காட்டி, காய்ந்த பிறகே வாசலுக்குப் போவார். நான் அவருடைய வேலையில் பாதியைத்தான் கற்றிருந்தேன்.

பளபளப்பும் இதே அளவுக்குக் கெடுக்கும். பளபளக்கும் பரப்பு விளக்கை ஒரே திசையில் திருப்பி அனுப்பும். அந்தத் திசையைத் தவிர மற்ற இடத்திலிருந்து பார்த்தால் நிறம் ஆழமாக, கருமையாக இருக்கும். மேட் பரப்பு விளக்கை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் நிறத்தோடு கொஞ்சம் வெள்ளை கலந்த மாதிரி தெரியும். ஹம்ப்ரால் 164 அரைப் பளபளப்பு. மற்ற நிறுவனத்தின் அதே சாம்பல் முழு மேட்டாக இருக்கலாம். இரண்டையும் அப்படியே வைத்து ‘நிறம் ஒத்துவரவில்லை’ என்று சொல்வது நியாயம் இல்லை. என் மூன்று துண்டுகளுக்கும் ஒரே மேட் வார்னிஷ் ஒரு கோட் அடித்தேன். கருங்கல்லுக்கும் நீலச் சாம்பலுக்கும் இடையே இருந்த தூரம் கண்ணெதிரே பாதியாகிவிட்டது. எருமைச் சேறு மட்டும் அப்படியே நின்றது; அதில் பழுப்பு உள்ளுக்குள்ளேயே இருக்கிறது. ஒப்பிடும் முன் வார்னிஷ் என்பதை நான் இப்போது மாற்றுவதே இல்லை.

வெவ்வேறு நிறுவனக் குப்பிகளை ஒன்றாகக் கலக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கரைப்பான் ஒன்றாக இருந்தால் கலக்கலாம். அக்ரிலிக் என்று இரண்டு குப்பியிலும் போட்டிருப்பதை நம்பக் கூடாது. டமியா அக்ரிலிக் ஆல்கஹால் சார்ந்த தின்னரோடு ஒத்துப்போகும். தண்ணீரில் மிதக்கும் பாலிமர் வகையில் ஆல்கஹாலை ஊற்றினால் திரிந்துவிடும். ஒருமுறை அப்படிக் கிண்ணத்தில் தயிர் உறைய வைத்திருக்கிறேன். ஏர்பிரஷ் ஊசியிலிருந்து அதைக் கழற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

அளவு சார்ந்த ஒரு சர்ச்சையும் உண்டு. சின்ன மாடலுக்கு உண்மையான நிறத்தை அப்படியே பூசினால் கருமையாகத் தெரியும், வெள்ளை சேர்க்க வேண்டும் என்பது பழைய பாடம்: 1/32-க்கு 7 சதவீதம், 1/48-க்கு 10, 1/72-க்கு 15 என்று கணக்கும் சொல்வார்கள். காரணமாகச் சொல்லப்படுவது, தூரத்துப் பொருளுக்கும் நமக்கும் நடுவே உள்ள காற்று நிறத்தை வெளிறச் செய்கிறது என்பது. நகரி மலையின் மூக்கு எங்கள் மாடியிலிருந்து நீலமாகத் தெரிவது அந்தக் காற்றால்தான், சரி. ஆனால் ஒரு மீட்டர் தள்ளி நின்று 1/72 மாடலைப் பார்ப்பது, 72 மீட்டர் தள்ளி நிற்கும் விமானத்தைப் பார்ப்பதற்குச் சமம். எங்கள் தெருமுனைப் பால் பூத்து அதைவிடத் தூரம். பால் பூத்தின் நிறம் காற்றில் 15 சதவீதம் வெளுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

வெளுக்க வேண்டிய தேவை உண்மைதான், காரணம் வேறு என்பது என் எண்ணம். ஹண்டர் நின்ற ஓடுதளத்தில் நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். என் அலமாரியில் முந்நூறு இருந்தால் அதிகம். அந்த மங்கலில் கரும்பச்சையும் கருஞ்சாம்பலும் ஒன்றோடொன்று கரைந்து ஒரே இருட்டாகிவிடுகின்றன. இரண்டும் பிரிந்து தெரியவே வெளுக்கிறோம். காற்றுதான் காரணம் என்று நம்பினால் எல்லா நிறத்துக்கும் ஒரே சதவீதம் ஊற்றுவோம். வெளிச்சம்தான் காரணம் என்றால் கருமையான நிறங்களுக்கு அதிகம், வெளிறிய நிறங்களுக்கு ஒன்றுமே வேண்டாம். வெறும் வெள்ளையை ஊற்றுவதும் எனக்குப் பிடிக்காது. பச்சை சுண்ணாம்பு பூசிய மாதிரி செத்துப்போகும். பச்சைக்கு வெளிர்ந்த மணல் நிறம், சாம்பலுக்கு வெளிர்ந்த சாம்பல், அதுவும் சொட்டுச் சொட்டாக.

இவ்வளவும் ‘அட்டைதான் சரி’ என்று வைத்துக்கொண்டு. உண்மையான விமானம் அட்டையைப் பார்த்துக்கொண்டு வாழவில்லை. நம் வெயிலில் பசை பொடிந்து பெயிண்ட் சுண்ணாம்பாகும். பழுதுபார்த்த இடத்தில் புதுப் பூச்சு கருமையாக ஒட்டுப்போட்ட மாதிரி நிற்கும். அருங்காட்சியகத்தில் போய்ப் பார்த்துச் சரி செய்துகொள்ளலாம் என்றால், திறந்தவெளியில் காட்சிக்கு நிற்கும் விமானங்களுக்கு மறுபூச்சு அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அது பறந்த காலத்துப் பெயிண்ட்டாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 29 மார்ச் 2017 அன்று அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்தில் ஓய்வு பெற்ற டியூ-142 விமானங்களில் ஒன்று இப்போது விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் நிற்கிறது. கடல் உப்புக் காற்றில் நிற்கும் அந்தப் பெரிய உடம்பின் சாம்பலை வைத்து, எண்பதுகளின் இறுதியில் அது சோவியத் யூனியனிலிருந்து வந்தபோது என்ன நிறம் என்று நான் முடிவு செய்ய மாட்டேன்.

அதே அரக்கோணத்திலிருந்து பி-8ஐ விமானங்கள் சில நாள்களில் எங்கள் மாடிக்கு மேலாகப் போகும். உடல் முழுக்க ஒரே வெளிர் சாம்பல்தான். காலையில் கிழக்கே திரும்பும்போது வெள்ளை. உச்சி வெயிலில் வயிறு மட்டும் கருஞ்சாம்பல். மாலையில் புத்தூர்ப் பக்கம் சாய்ந்தால் செம்மண் நிறம் லேசாக ஏறும், கீழே இருக்கும் நிலத்தின் நிறம் வயிற்றில் படிகிற மாதிரி. அந்த மூன்றையும் பார்த்து மூன்று பேர் மாடல் செய்தால் மூன்றும் சண்டையில்தான் முடியும்.

எனவே என் ஹண்டருக்கு இப்படி முடிவு செய்தேன். தொடக்கக் குப்பி, மூன்றில் நீலம் கூடிய அந்தச் சாம்பல். பழுப்பை வெளியேற்றுவதைவிட நீலத்தைத் தணிப்பது எளிது. இருபது சொட்டு எடுத்தேன். நீலத்தை அடக்க மஞ்சள் ஓக்கர் ஒரு சொட்டு. துண்டில் பூசி, காயவைத்து, வார்னிஷ் அடித்து, மறுபடி காயவைத்து வாசலுக்குப் போனால் பச்சை எட்டிப் பார்த்தது. கறுப்பும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை வரும் என்பதை மறந்திருந்தேன். அடுத்த துண்டில் ஓக்கருக்குப் பதில் செம்பழுப்பு அரைச் சொட்டு. அரைச் சொட்டு என்றால் பல்குத்தும் குச்சி நுனியில் எடுத்தது. கருமையை வெளிர்ச் சாம்பலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதுதான் சிக்கனம்; கறுப்பில் வெள்ளையைச் சேர்க்கத் தொடங்கினால் குப்பி தீர்ந்தாலும் கலவை வெளுக்காது. ஒன்பதாவது துண்டு அட்டையோடு ஒட்டி நின்றது. இடையில் ஒரு மயிரிழை தெரிந்தது, நிறம் தெரியவில்லை. அதன் பிறகுதான் அலமாரி வெளிச்சத்துக்காக வெளிர்ச் சாம்பல் மூன்று சொட்டு. அந்தத் துண்டு பத்து.

பத்துத் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு மாமாவிடம் போனேன். விமானத்தின் பெயர், எண், தரம் எதுவும் சொல்லவில்லை. அட்டையை நீட்டி, இதில் எது என்றேன். வாசலுக்குப் போய், திண்ணையில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, அதன் மேல் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். சுற்றியிருக்கும் நிறம் கண்ணைக் கெடுக்குமாம். அதற்குத்தான் வெள்ளைத் துண்டு. ஒன்பதாவதை எடுத்து அட்டை மேல் பாதி மறைவது போல வைத்து, இரண்டு பக்கமும் சாய்த்துப் பார்த்தார். பிறகு பத்தாவதை எடுத்து ஒதுக்கிவைத்தார்.

“இது சரி. அது வெளுத்துவிட்டது.”

அலமாரி விளக்கைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், விட்டுவிட்டேன். ஒன்பதாவது துண்டின் பின்புறத்தில் சொட்டுக் கணக்கையும் தேதியையும் எழுதி, மாமா கொடுத்த ஒரு பழைய தகர டப்பாவில் போட்டு மூடினேன். சிறகில் இப்போது பத்தாவதுதான் ஏறியிருக்கிறது. டார்க் கிரீனுக்கு மறுபடி முதல் சொட்டிலிருந்து தொடங்க வேண்டும். 641 அட்டை இன்னும் வந்து சேரவில்லை.